கொசுவலையில் காய்ந்த கூழ்

எங்கள் யூனிட்டில் எல்லோருக்கும் அது பஞ்சுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரியவர்களுக்கான டயப்பர் செய்கிற சின்ன கம்பெனி. லாரியிலிருந்து இறங்கும் உருளை ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருக்கும். வெள்ளை வெளேரென்று கெட்டி அட்டையைப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருப்பார்கள். அதை மிஷினில் கொடுத்தால் உள்ளே சுத்தியல்கள் அடித்து நார் நாராகப் பிரித்து ஊதிவிடும். அந்தப் பக்கம் வந்து விழும்போது தொட்டுப் பார்த்தால் யாரும் பஞ்சு என்றுதான் சொல்வார்கள். "அக்கா, பஞ்சு லோடு வந்துகினு கீது" என்று கேட்டிலிருந்து குரல் வரும். "பஞ்சு இல்லடா, மரம்! பல்ப்னு சொல்லு, கூழ்னு சொல்லு, எதையாவது சொல்லு, பஞ்சுன்னு மட்டும் சொல்லாத" என்று நான் கத்துவேன். தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறவள் வேறு எதற்குத்தான் இருக்கிறேன்! அவர்கள் சிரித்துவிட்டு மறுபடியும் பஞ்சு என்பார்கள்.

பாலிடெக்னிக்கில் நான் படித்தது கூழும் காகிதமும். மரத்தைக் கூழாக்க ஒரு வழி, கல்லில் வைத்து அரைத்துவிடுவது. அது மெக்கானிக்கல் பல்ப். மரத்தில் இருந்த எல்லாமும் அதிலேயே கிடக்கும். செய்தித்தாள் அதில்தான் வருகிறது, அதனால்தான் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடுகிறது. இன்னொரு வழி, மரச் சில்லுகளைக் காரத்தில் போட்டு மூடிய கொப்பரையில் அழுத்தம் கொடுத்து வேகவைப்பது. நாரையும் நாரையும் ஒட்டி வைத்திருக்கிற லிக்னின் என்ற பசை காரத்தில் கரைந்து கறுப்புத் தண்ணீராக வெளியேறிவிடும். அந்தத் தண்ணீருக்கு பிளாக் லிக்கர் என்று பெயர். இதை நான் மிஷின் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த அன்று, "எந்தக் கடைல கெடைக்குதுக்கா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்கள். பசை போனபின் மிஞ்சுகிற நார்தான் கெமிக்கல் பல்ப். அதை வெளுத்தால் எங்களுக்கு வருகிற சரக்கு. இந்தக் கூழில் செய்த எழுதுகிற தாளுக்குக் காகித வியாபாரத்தில் 'வுட்ஃப்ரீ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்தையே வேகவைத்துச் செய்துவிட்டு மரம் இல்லாதது என்று பெயர்! யார் வைத்தானோ, அவனைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் பேசி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். வீட்டில் நானும் அவரும்தான். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று. என் கல்யாணம் நிலைக்கவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். அப்பா ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். வந்த பொருளை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவைப்பது அவர் வேலை. ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்து அண்ணனூரில் என் ஃபிளாட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பார், பால் பாக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனை நிற்கவைத்து எடை போடச் சொல்வார். தெருவில் அவரைக் கண்டால் வியாபாரிகள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள்.

அப்படி இருந்தவருக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு சிறுநீர் நிற்கவில்லை. இருமினால் வேட்டி நனையும். எழுந்தால் நனையும். கொஞ்ச நாளில் சரியாகும் என்றார் டாக்டர், சரியாகவில்லை. முதலில் சாயங்கால நடை நின்றது. அப்புறம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை நின்றது. ஃபிரெண்டுகள் போன் செய்தால் கால் வலி என்றார். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ரயில் பெட்டிகளை நிறுத்திப் பராமரிக்கிற கார் ஷெட்டுக்குப் போய் வருகிற மின்சார வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்காலி மேல் ஒரு பழைய ரெயின்கோட் விரித்திருக்கும். அதை ஏன் விரித்திருக்கிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெண் செய்வது டயப்பர், அப்பா நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வயிறு எரியாதா? எங்கள் யூனிட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒட்டும் பட்டை கோணலாகப் போனது, பிரிண்ட் அழிந்தது, இதையெல்லாம் செகண்ட்ஸ் என்று தனியாகப் போட்டுவைப்போம். வீட்டில் படுக்கையில் கிடக்கிறவர்கள் இருந்தால் ஸ்டாஃப் எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் ஒரு கட்டு எடுத்துவந்து அவர் கட்டில் மேல் வைத்தேன்.

அவர் ஒன்றைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டை கோணலா இருக்குது. இது ரிஜெக்ட்தானே?"

"செகண்ட்ஸ்ப்பா. உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கும், நானே பார்த்தது."

"நான் ரிஜெக்ட் பண்ணியே பழகினவன். எனக்கே ரிஜெக்ட் சரக்கா?" என்று கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்தக் குரலில் கோபத்தைவிட வேறு என்னவோ இருந்தது. மறுநாள் நல்ல பாக்கெட்டே காசு கொடுத்து வாங்கிவந்தேன். பாக்கெட் மேல் பெரிதாக ஒரு பருத்திக்காய் வெடித்த மாதிரி படம் இருக்கும். உள்ளே ஒரு துளி பருத்தி கிடையாது, இந்தப் படம் எதற்கு என்று மார்க்கெட்டிங்காரர்களோடு நான் சண்டை போட்டுத் தோற்ற படம் அது. அப்பா அந்தப் பாக்கெட்டையும் பிரிக்கவில்லை. பீரோ மேல் ஏற்றிவைத்துவிட்டார்.

அப்போதுதான் அரக்கோணத்திலிருந்து போன் வந்தது. அத்தைக்கு, அதாவது அப்பாவின் ஒரே தங்கைக்கு, முடியவில்லை. கேன்சர், முற்றிவிட்டது, வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். தாத்தா சீக்கிரம் இறந்துபோனதால் அத்தையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் அப்பாதான். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். முன்பெல்லாம் அண்ணனூரில் அரக்கோணம் லோக்கல் ஏறி உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்பார்.

"போகலாம்ப்பா, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றேன்.

"இத்தனை பெட்டி ஓடுது, ஒண்ணுலயாவது கக்கூஸ் இருக்குதா?" என்றார், ரயில் மேல் பழியைப் போட்டு.

"அப்ப காரு புக் பண்றேன்."

"காருல ஏறுனா எனக்குக் கொமட்டும்னு உனக்குத் தெரியாதா?" ரெயின்கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னார். "அங்க போயி எப்படி உக்காருவேன்? அவ மருமக கட்டில்ல உக்காரச் சொல்லுவா. நான் எழுந்திருச்சா அங்க ஈரமா இருக்கும். அதுக்கு நான் போகாமலே இருக்கலாம்."

"அதுக்குத்தானே பீரோ மேல வச்சிருக்கு!" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஞாயிறு போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை. அத்தை இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது. ஒருநாள் அத்தையின் மருமகளே போன் செய்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, அத்தை உங்க அப்பாவ வர வேணாம்னு சொல்லச் சொல்றாங்க." ஏன் என்று கேட்டேன். "தெரியலக்கா, பிடிவாதமா சொல்றாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல அண்ணன், நல்ல தங்கை என்று இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரத்தில் எங்கள் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. வாளித் தண்ணீர் ஊற்றினால் வாசல்வரை வந்துவிடும். லீவு போட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் ஜல்லடையைக் கழற்றிக் கையை விட்டு அள்ளி எடுத்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னாக்கா இது, ஜவ்வரிசி கஞ்சி மாறி கீது! இன்னாத்த போட்டீங்கோ உள்ள? அள்ள அள்ள வந்துகினே கீது."

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கூழோடு நாங்கள் ஒரு தூள் கலப்போம், ஈரத்தைக் குடித்து ஜெல்லாக ஊதிவிடுகிற தூள். அதுதான் குழாய் முழுக்க ஊதி நின்றது. சமையலறையிலிருந்து கல் உப்பை அள்ளிவந்து கொட்டினேன். உப்பு பட்டால் அது குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் குழாய் களக் களக் என்று இறங்கியது. "அட, இது நல்லா கீதே" என்று பிளம்பர் உப்புப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே போனார். நான் நேராகப் போய் பீரோ மேல் பார்த்தேன். பாக்கெட் அங்கேதான் இருந்தது. எடுத்தால் காற்று மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அப்பா வீட்டில் இல்லை. மாடிக்குப் போயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவுக்கே போகாதவர் கொஞ்ச நாளாக மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய்வருகிறார் என்று எதிர் ஃபிளாட்டில் சொல்லியிருந்தார்கள், வடாம் காய வைத்திருக்கிறவர்கள் யாராவது காவலுக்கு உட்காரவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறிப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே வெயிலில், எங்கள் ஜன்னலிலிருந்து கழற்றிய பழைய கொசுவலைச் சட்டம் இரண்டு செங்கல் மேல் கிடந்தது. அதன்மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது.

குனிந்து தொட்டேன். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். ஒரே தாளாக உரிந்து வந்தது.

காகிதம். சத்தியமாகக் காகிதம். பாலிடெக்னிக் லேபில் நாங்கள் கூழை நீரில் கலக்கிக் கம்பிவலையில் ஊற்றி, வடித்து, உலர்த்தி எடுப்போமே, ஹேண்ட்ஷீட் என்று அதற்குப் பெயர், அதேதான். நார் நீளமாக இருந்ததால் இழுத்தாலும் சுலபத்தில் கிழியவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது, ஜெல் காய்ந்த இடம் சொரசொரவென்று இருந்தது. தொட்டிக்கு அடியில் அதே மாதிரி இன்னும் சிலது அடுக்கி, மேலே ஒரு கல் வைத்திருந்தது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். திருடன் அகப்பட்ட மாதிரி விழிக்கவில்லை. அளவு சரிவராத பொருளைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் முகம்தான் அது. "பாப்பா, பஞ்சு காய்ஞ்சா பொசுபொசுன்னு ஆகணும் இல்ல? தலைகாணிப் பஞ்சு அப்படித்தானே ஆகுது? இது ஏன் அட்டையாப் போகுது? உள்ள இருக்கறத வெளியே எடுத்து நானும் நல்லா அலசித்தான் பார்க்கிறேன்."

"அலசுனீங்களா? அய்யோ அப்பா, இத யாராவது துவைப்பாங்களா!"

"பின்ன? மூத்திரத் துணிய துவைக்காம எப்படிப் போடறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். நான் வேலைக்குப் போனதும் ஒன்றைக் கட்டிக்கொள்வாராம். அரக்கோணம் போய்ச் சேர எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பால்கனி நாற்காலியில், ரெயின்கோட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். எழுந்து நாற்காலியைத் தடவிப் பார்ப்பாராம். நடந்து பார்ப்பாராம், மாடிப்படி ஏறிப் பார்ப்பாராம், வேண்டுமென்றே இருமிப் பார்ப்பாராம். "டெஸ்ட் பண்ணாம எடுத்துக்கிட்டுப் போயி நடுவழியில காலை வாரிச்சுன்னா?" என்றார்.

"அது சரிப்பா. துவைச்சு எதுக்கு? கவர்ல சுத்திப் போட்டா குப்பைக்காரம்மா எடுத்துட்டுப் போவாங்களே."

அவர் சட்டத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "குப்பையை நீதானே கீழ எடுத்துட்டுப் போற. என் மூத்திரத்த நீ ஏன் தூக்கணும்? உங்க அம்மாவுக்குக்கூட நான் அந்த வேலை வச்சதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. எந்த வயதில் என்ன ரோஷம் இந்த மனுஷனுக்கு! அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடம் நடத்தினேன். இது பஞ்சு இல்லை, பைன் மரம். காரத்தில் வேகவைத்துப் பசையை எடுத்துவிட்ட நார். தண்ணீரில் போட்டுக் கலக்கிக் காயவைத்தால் நாரும் நாரும் தானாக ஒட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம். உலகத்தில் காகிதம் செய்கிறதே அப்படித்தான், நீங்கள் மொட்டை மாடியில் ஒரு பேப்பர் மில் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப பாக்கெட்டுல பருத்தி படம் போட்டது?" என்றார். "அது பொய்ப்பா" என்றேன். "அதை நீ பாஸ் பண்ணுனியா?" என்றார். நான் பாஸ் பண்ணவில்லை, சண்டை போட்டேன் என்று சொன்னதும் தலையாட்டிக்கொண்டார்.

"டெஸ்ட்ல என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"தாங்குது" என்றார். "ஞாயித்துக்கிழமை போலாம்."

அண்ணனூரிலிருந்து ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பட்டாபிராம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை. திருவள்ளூரில் ஒருமுறை எழுந்து நின்று, இருக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். காய்ந்துதான் இருந்தது. அத்தை வர வேண்டாம் என்று சொன்னதை அப்போதும் நான் அவரிடம் சொல்லவில்லை. வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டால் இந்த மனுஷன் தாங்கமாட்டார் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன்.

அத்தை கூடத்தில் கட்டிலில் கிடந்தாள். அந்த வெயிலிலும் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மருமகள் பதறி, மூலையில் இருந்த ஒரு பாக்கெட்டை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள். மறைப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். அதே பருத்திக்காய்ப் படம்.

"உன்ன யாருண்ணா வரச் சொன்னது?" என்றாள் அத்தை, சுவரைப் பார்த்தபடியே. குரலே எழும்பவில்லை. "வேணாம்னு சொல்லி அனுப்பினேன் இல்ல? நான் கெடக்கிற கெடையில, இந்த நாத்தத்துல உன்னை உக்காரவைக்கணுமா? அள்ளிப் போட ஆள் வேண்டியிருக்குது எனக்கு. உங்கிட்ட இப்படியா நான் படுத்துக் கெடக்கணும்?" சொல்லிக்கொண்டே அழுதாள். மருமகளும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. போகமாட்டேன் என்றவரும் வர வேண்டாம் என்றவளும் ஒரே காரணத்தைத்தான் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்பா நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் உட்காரவில்லை. என்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தவர், மருமகள் நிற்க, வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா நிற்க, நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கண்ணு, நானும் கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

அத்தை மெதுவாகத் திரும்பினாள். "என்னத்த?"

"நீ என்னத்த கட்டியிருக்கியோ அதைத்தான். எனக்கும் நிக்கிறதில்ல. ஆபரேசன் பண்ணதுலேருந்து இப்படித்தான். இதோ, இப்பவும் போயிக்கிட்டுத்தான் இருக்குது" என்றார். "அதுக்காக அண்ணன் தங்கச்சி பார்க்காம இருக்க முடியுமா?"

அத்தை அவரையே பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து கை வந்தது. அவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார். "இது எல்லாம் எம் பொண்ணு பார்த்து பாஸ் பண்றதுதான். பஞ்சுன்னு நினைச்சுக்காத, மரம். வேகவச்சு பசையெல்லாம் எடுத்துட்ட நாரு, கூழுன்னு சொல்லணும். தப்பித்தவறி துவைச்சுடாதீங்க, அட்டையாப் போயிடும். நான் துவைச்சேன், காகிதமாப் போச்சு."

"துவைச்சியா?" என்றாள் அத்தை. சிரிக்கத் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தாள். "இத யாரு அண்ணா துவைப்பாங்க?" மருமகள் அழுதபடியே சிரித்தாள். அன்றைக்குக் கடைசி லோக்கலுக்கு முந்தின வண்டிவரை அங்கேயே இருந்தோம். நடுவில் ஒருமுறை அப்பா என்னைக் கூப்பிட்டு, "மாத்தணும், ஒண்ணு குடு" என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அத்தை தனக்கும் மாற்றச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு இன்னும் சில ஞாயிறுகள் போனோம். அடுத்த முறை அத்தை கேட்டாள் என்று ஒரு தாளையும் அப்பா எடுத்துப்போனார். அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது என்றாள்.

செய்தி வந்தது ஒரு வேலைநாள் காலையில். போனை வைத்துவிட்டு நான் சமையலறையில் அடுப்பை அணைத்தேன். விஷயம் தெரிந்து எதிர் ஃபிளாட்காரர்களும் கீழ்வீட்டுப் பெரியவரும் வந்து கூடத்தில் நின்றார்கள். அப்பா அறைக்குள் போய்ச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அழவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலிருந்து சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"பாப்பா, பையில நாலஞ்சு எடுத்து வச்சுக்க. இன்னிக்கு அவளத் தூக்கறவரைக்கும் நான் எழுந்திருக்கக் கூடாது."